பல்லுக்குக் கட்டிய சாரம்

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டால் திங்கட்கிழமை சாயங்காலம் வரை என் நாக்கு ஒரே இடத்தைத் துழாவிக்கொண்டிருக்கும். கீழே இடது பக்கம், முதல் கடைவாய்ப்பல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே. நார் அங்கேதான் சிக்கும். துடைப்பத்தில் ஓர் ஈர்க்கை ஒடித்துக் குத்தி எடுப்பேன். கூடவே கொஞ்சம் ரத்தம் வரும், ஒரு வாடை வரும். இப்படியே இரண்டு வருடம் ஓட்டினேன். வயது 48. திருச்சியில் வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்ட் தொழில். சுவரோரம் ஈரம் கசிந்தால் அன்றைக்கே ஆளை விட்டுக் கொத்திப் பார்க்கிறவன், சொந்த வாயில் ரத்தம் கசிந்ததை இரண்டு வருடம் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தேன்.

வலிக்கவே இல்லை என்பதுதான் இதில் உள்ள சூது. சொத்தைப் பல் ராத்திரி தூங்க விடாது, மறுநாளே டாக்டரிடம் ஓட வைக்கும். ஈறு நோய் அப்படியில்லை. எங்கள் அப்பா காலத்தில் பயோரியா என்பார்கள். பல்லைத் தாங்கி நிற்கும் எலும்பைச் சத்தமில்லாமல் கரைத்துக்கொண்டே போகும். பல் ஆடும்போதுதான் நமக்குத் தெரியும்.

முதலில் போன கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, கீழ்ப் பல் ஒன்று, மேலே வலது கடைவாய்ப்பல் ஒன்று, இரண்டையும் எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் போட்டுவிடலாம் என்றார்கள். தொகையையும் எழுதிக் கொடுத்தார்கள். ஒரே ஆளிடம் எஸ்டிமேட் வாங்கி முடிவு செய்யாதீர்கள் என்று வீடு கட்ட வருகிறவர்களிடம் நானே சொல்வதுண்டு. அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். அங்கே ஈறு நோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு. எனக்குக் கிடைத்தவர் முதுநிலைப் படிப்பில் இருந்த ஒரு டாக்டர். என் மகளைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவராக இருப்பார்.

அவர் முதலில் கையில் எடுத்தது ஒரு மெல்லிய கம்பி. நுனி மழுங்கியது, உடம்பில் கறுப்புக் கோடுகள் போட்டது. நாங்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் அளவுகோலின் குட்டி மாதிரி. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதை மெதுவாக இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடம் என்று அளந்து நம்பர் சொல்லிக்கொண்டே போனார். பக்கத்தில் இன்னொரு மாணவி எழுதினார். "மூணு, ரெண்டு, மூணு. மூணு, ரெண்டு, ரெண்டு." மூன்று மில்லிமீட்டர் வரை சரி, அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்துக்கு வந்தபோது கம்பி இறங்கியது, இன்னும் இறங்கியது. "மூணு, நாலு... எட்டு." எழுதிக்கொண்டிருந்த மாணவி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எட்டு மில்லிமீட்டர் என்பது சும்மா இல்லை. ஒரு சிமெண்ட் பூச்சின் கனம்.

ஆனால் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இந்தப் பல்லைக் காப்பாத்தலாம் சார், குழி நல்ல குழி" என்றார். கெட்டுப்போன இடத்தில் நல்ல குழி, கெட்ட குழி என்று ஒன்று இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

எலும்பு இரண்டு விதமாகக் கரைகிறது. குளத்துத் தண்ணீர் வற்றுவது போல எல்லாப் பல்லைச் சுற்றியும் ஒரே மட்டமாக இறங்குவது ஒன்று. ஒரு பல்லை ஒட்டி மட்டும் கிணறு வெட்டியது போல இறங்குவது இன்னொன்று. எலும்பு திரும்ப வளரட்டும் என்று குழியில் எலும்புத் தூள் வைப்பார்கள். முதல் வகையில் அந்தத் தூளைப் போட்டால் நிற்க இடமில்லை, வெட்டவெளியில் மணல் கொட்டிய கதைதான். கிணற்றில் போட்டால் நிற்கும். கிணற்றுக்கு ஒரு பக்கம் பல்லின் வேர். மீதி மூன்று பக்கமும் எலும்புச் சுவர் நின்றால் அதுதான் இருப்பதிலேயே நல்ல குழி. அந்தச் சுவர்களிலிருந்துதான் ரத்தமும் எலும்பு கட்டும் செல்களும் வரவேண்டும். சுவர் இரண்டானால் சுமார், ஒன்றே ஒன்றானால் சிரமம். எனக்கு மூன்று சுவர்.

மேலே வலது பல் வேறு கதை. அதன் வேர்கள் பிரியும் கவட்டிலேயே எலும்பு போய்விட்டது. கம்பியை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் வருகிறது. "இதுல நான் எதையும் வைக்க மாட்டேன். வச்சா காசு வாங்கலாம், எலும்பு வராது" என்றார். இந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. எலும்புத் தூள் போடலாம் என்று யாராவது சொன்னால், என் குழி எந்த வகை, எத்தனை சுவர் நிற்கிறது என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாமல் தூளின் பெயரை மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

சரி, அடுத்த வாரம் ஆபரேஷன் என்று நினைத்தேன். மூன்றரை மாதம் ஆயிற்று.

முதலில் ஈறுக்கு மேலும் கீழும் பல்லில் கெட்டியாகப் படிந்திருந்த காரையை எடுத்து, வேரைச் சுரண்டி வழவழப்பாக்கினார்கள். நான்கு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் பல்லில் ஒரு சிவப்புச் சாயத்தைத் தடவிக் கண்ணாடியைக் காட்டுவார். அழுக்கு எங்கே நிற்கிறதோ அங்கே சாயம் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் என் வாய் வெற்றிலை போட்ட கிழவன் வாய் மாதிரி இருந்தது, அதுவும் கிளம்பும்போது பல் தேய்த்துவிட்டுப் போன வாய். பல்லிடுக்கில் விட்டுத் தேய்க்கும் குட்டி பிரஷ் ஒன்றைக் கொடுத்து, எந்த இடுக்குக்கு எந்த அளவு என்று நிறம் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார். ஈர்க்குச்சிக்கு அன்றோடு விடை கொடுத்தேன்.

அப்புறம் சுகர். எனக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.6 இருந்தது. ஏழுக்குப் பக்கத்தில் வந்தால்தான் கத்தி எடுப்பேன் என்றார். சிகரெட், ஒரு நாளைக்கு ஆறு. அதுவும் நிற்கவேண்டும். புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கிறது, ஆறவேண்டிய புண் ஆறாது, வைத்த பொருள் வீணாகும். "உங்க காசு, உங்க பல்லு. ஆனா கேஸ் ஃபெயிலானா என் ரெக்கார்டுல வரும் சார்" என்று சிரித்தார். சைட்டில் டீ குடிக்கும்போது கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். கடலை மிட்டாய் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றால் சுகர். கடைசியில் கிராம்பு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு சமாளித்தேன்.

சுத்தம் செய்ததிலேயே எட்டு ஆறாகக் குறைந்தது. வீங்கியிருந்த ஈறு வடிந்து இறுகியதால் வந்த குறைவு. சில பேருக்கு இதுவே போதுமாம். எனக்கு ஆறு மில்லிமீட்டர் அப்படியே நின்றது, தொட்டால் ரத்தமும் வந்தது. எனவே குழியைத் திறந்து பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

எதைப் போடுவது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. வீட்டில் பெரிய ரகளையும் அப்போதுதான்.

டாக்டர் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் காட்டினார். என் தாடையின் வேறு இடத்திலிருந்தே எலும்பைச் சுரண்டி எடுக்கலாம், அது இன்னொரு புண். மாட்டு எலும்பிலிருந்து உயிர்ப்பொருளையெல்லாம் நீக்கிவிட்டு வெறும் தாதுக்கூட்டை மட்டும் எடுத்து வரும் தூள் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பயோ-ஆஸ் அந்த வகைதான். பன்றிக்குட்டியின் முளைக்கும் பற்களிலிருந்து எடுக்கும் எனாமல் புரதம் இருக்கிறது, எம்டோகெயின் என்று பெயர், ஜெல் போல ஊசிக்குழாயில் வரும். தொழிற்சாலையில் செய்த ஹைட்ராக்சிஅபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட் இருக்கின்றன. எலும்பில் உள்ள தாது உப்புக்கு உறவுக்காரர்கள் இவை. கண்ணாடித் தூள்கூட இருக்கிறது. 1969இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் என்பவர் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் ஒரு கண்ணாடியைக் கண்டுபிடித்தார், அதன் வழி வந்தது. இன்னொன்று நம் ரத்தம். பத்து மில்லி எடுத்து, எந்த மருந்தும் கலக்காமல் உடனே மெஷினில் சுற்றினால் நடுவில் மஞ்சளாக ஒரு ஜெல்லி கட்டும். பிரான்சில் ஜோசப் ஷூக்ரூன் என்ற டாக்டர் 2001 வாக்கில் கொண்டுவந்த முறை. தனியாகவும் வைக்கிறார்கள், தூளோடு கலந்தும் வைக்கிறார்கள். எனக்கு ஆபரேஷன் வைத்திருந்த மாதம் பார்த்து அந்தச் சுற்றும் மெஷின் ரிப்பேர்.

கடைசியாக, மனித எலும்பு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கியிலிருந்து வருவது. தானமாக வந்த எலும்பைப் பரிசோதித்து, கழுவி, கொழுப்பு நீக்கி, அமிலத்தில் தாது உப்பை எடுத்து, உறைய வைத்து உலர்த்தி, காமா கதிர் பாய்ச்சிக் கிருமியில்லாமல் செய்து, குட்டிக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து அனுப்புகிறார்கள். நம் ஊர்ப் பல் கல்லூரிகளில் நிறையப் புழங்குவது இதுதான். விலையும் வெளிநாட்டுச் சரக்கைவிடக் குறைவு.

உப்பை ஏன் எடுக்கவேண்டும் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து கம்பியையும் ஜல்லியையும் உருவிவிட்டு யாரும் தூண் நிறுத்துவதில்லை. 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர், உப்பு நீக்கிய எலும்பை முயலின் தசைக்குள் வைத்துப் பார்த்தாராம். தசைக்குள், எலும்பே இல்லாத இடத்தில், புதிதாக எலும்பு முளைத்தது. உப்புக்கு அடியில் புதைந்திருந்த புரதங்கள் வெளிப்பட்டு, சுற்றியுள்ள செல்களை எலும்பு கட்டச் சொல்லித் தூண்டுகின்றன. வெறும் சாரமாக நிற்பது ஒன்று, மேஸ்திரியையும் கூப்பிட்டு வருவது இன்னொன்று என்று நான் புரிந்துகொண்டேன். குப்பிக்குக் குப்பி அந்தத் தூண்டும் சக்தி கூடக் குறைய இருக்கும், உத்தரவாதம் கிடையாது என்பதையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

வீட்டில் சொன்னேன். மனைவி, "இன்ஃபெக்ஷன் வராதாங்க?" என்று ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டாள். அம்மா நிறுத்தவில்லை.

"செத்தவங்க எலும்பையாடா வாயில வைக்கப் போறே? அப்பா எலும்பை அம்மா மண்டபத்துல காவிரியில கரைச்சோம். நீ வாயில கரைக்கிறியா?"

மாட்டு எலும்பு இருக்கும்மா என்றேன். அதற்குப் பதிலே வரவில்லை, சாமி அறைக்குப் போய்விட்டார். எங்கள் மேஸ்திரி பாயிடம் சைட்டில் இதைச் சொல்லிச் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. "அண்ணே, அந்தப் பன்னி மருந்து, அதைச் சொல்லாமலே போட்டுருவாங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தூள் மட்டுமல்ல, மேலே மூடும் ஏடுகளிலும் மாடு, பன்றி, மீன் என்று பல வகை இருக்கின்றன. எதிலிருந்து எடுத்தது என்று நாம் கேட்டால் சொல்லவேண்டியது அவர்கள் கடமை. ஆபரேஷன் நாற்காலியில் படுத்த பிறகு கேட்கிற கேள்வி இல்லை இது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடவேண்டும். பல் டாக்டர்கள் இதைத் தாங்களாகவே முதலில் சொல்லிவிட்டால் நல்லது. பல பேர் சொல்வதில்லை, "போன் பவுடர்" என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

அம்மாவை வழிக்குக் கொண்டுவந்தது நான் இல்லை, அவருடைய இடுப்புதான். நான்கு வருடத்துக்கு முன் அவருக்கு இடுப்பு மூட்டு மாற்றினோம். மூட்டு மாற்றும்போது வெட்டி எடுக்கும் எலும்புத் தலையும் எலும்பு வங்கிகளுக்குத் தானமாகப் போவதுண்டு என்று டாக்டர் சொன்னதை வைத்து, "உன் இடுப்புல எடுத்தாங்களே ஒரு எலும்பு, அது எங்கே போச்சுன்னு நினைக்கிறே?" என்று கேட்டேன். எங்கே போயிற்று என்று எனக்கும் தெரியாது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "என் எலும்பா இருந்தா பரவால்ல" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம். மரத்துப்போக இரண்டு ஊசி. வலி இல்லை, ஆனால் சத்தம் எல்லாம் கேட்கும். ஈறை வெட்டி விலக்கிக் குழிக்குள் இருந்த அழுகல் சதையைச் சுரண்டி எடுக்கும்போது, டைல்ஸ் ஒட்டுமுன் பழைய பூச்சைக் கொத்துகிற சத்தம் மண்டைக்குள் கேட்டது. வேலையில் முக்கால்வாசி நேரம் இதற்குத்தான் போயிற்று. வேரில் துளி காரை மிச்சம் இருந்தாலும் மேலே வைப்பதெல்லாம் வீண் என்று, கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு சுரண்டினார்.

அப்புறம் குப்பியை உடைத்தார். வெளிர் மஞ்சளில், நொறுக்கின ரவை போலத்தான் இருந்தது. உப்புநீரில் நனைத்து, குழியில் ஊறிய என் ரத்தத்தோடு கலந்து, சின்னக் கரண்டியால் வைத்தார். நான் படுத்தபடியே டாக்டர் தலைக்கு மேல் இருந்த விளக்கின் கண்ணாடியில் அரைகுறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறுக்கி அடைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பஞ்சு வைப்பது போல வைத்துவிட்டார். முடிந்த பிறகு கேட்டேன். கான்கிரீட் போட்டால் வைப்ரேட்டர் விட்டு ஒரு பொட்டுக் காற்று இல்லாமல் இறுக்குவதுதான் எங்கள் தொழில். இங்கே நேர் எதிர். துகளுக்கும் துகளுக்கும் நடுவே இடம் இருந்தால்தான் ரத்தக்குழாய் நுழையும், ரத்தக்குழாய் போகாத இடத்தில் எலும்பு வராது. குழியின் விளிம்புக்கு மேல் குவித்து வைப்பதும் தப்பு, ஈறு மூடாது.

குப்பியில் பாதி மிச்சம் இருந்தது. மேலே அந்தக் கவட்டுப் பல்லுக்கும் கொஞ்சம் வைத்துவிடக் கூடாதா என்று எச்சில் ஒழுகக் கேட்டேன். மிச்ச சிமெண்டை வீணாக்காத கை. "சார், அது அங்கே நிக்காது. மிச்சத்தை வச்சு அடுத்த ஆளுக்கும் போடக் கூடாது" என்று குப்பியைக் குப்பையில் போட்டார். மனசு கேட்கவில்லைதான்.

தூளுக்கு மேல் ஒரு ஏடு வைத்தார்கள். மெம்பரேன் என்கிறார்கள். இந்தச் சிகிச்சையில் எனக்கு ரொம்பப் பிடித்த சமாசாரம் இதுதான், ஏனென்றால் இதில் புத்திசாலித்தனம் பொருளில் இல்லை, யோசனையில் இருக்கிறது. பல்லைச் சுற்றிப் புண் ஆறும்போது ஈறின் மேல்தோல் செல்கள்தான் எல்லோருக்கும் முந்தி ஓடிவந்து வேரை ஒட்டி இறங்கிவிடும். எலும்பும், பல்லையும் எலும்பையும் கட்டும் நாரும் மெதுவாக வருகிறவை. வந்து பார்த்தால் இடம் போயிருக்கும். அதனால் நடுவில் ஒரு தடுப்பு வைத்தால், பின்னால் வருகிறவர்களுக்கு இடம் கிடைக்கும். 1982இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் நீமன் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு நோயாளியின் கீழ் முன்பல்லில் ஆய்வகத்து வடிகட்டித் தாளை வைத்துத் தைத்து, மூன்று மாதம் கழித்து அந்தப் பல்லை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். புதிதாக நார் பிடித்திருந்தது. அங்கிருந்துதான் இந்த முறை கிளம்பியது. பிறகு கடைக்கு வந்த ஏடுகள் நம் பிளம்பர் சுற்றும் டெஃப்லான் டேப் இருக்கிறதே, அதே இனத்துப் பொருள். அது கரையாது, எனவே மறுபடி வெட்டி எடுக்கவேண்டும். இப்போது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆன ஏடு, தானே கரைந்துவிடும். எனக்கு வைத்தது சென்னையில் தயாரானது, மீனிலிருந்து எடுத்த கொலாஜன். அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனம் தீக்காயத்துக்குக் கொலாஜன் ஏடு செய்த ஊர் அல்லவா.

கல்லூரி என்பதால் மொத்தம் ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. அதில் பெரும்பங்கு அந்த ஏட்டுக்குத்தான் போயிற்று. குப்பியின் மேல் ஒட்டியிருந்த லாட் நம்பர் ஸ்டிக்கரைப் பிய்த்து என் ஃபைலில் ஒட்டச் சொல்லி வாங்கிக்கொண்டேன். சிமெண்ட் மூட்டையில் வாரம் பார்த்து வாங்குகிற பழக்கம். நீங்களும் கேட்டு வாங்குங்கள். பின்னால் ஏதாவது சந்தேகம் என்றால் எது, எங்கிருந்து, எப்போது என்பதற்கு அந்த ஒட்டுத்தாள்தான் சாட்சி.

முதல் இரண்டு நாள் கன்னம் வீங்கியது, ஐஸ் வைத்தேன், வடிந்தது. மூன்றாம் நாள் தெம்பாகிவிட்டேன். ஆபத்தே அந்தத் தெம்பில்தான். ஐந்தாம் நாள் ஒரு மொட்டைமாடிக் கான்கிரீட். போகாமல் இருக்க முடியாது என்று போனேன். நாள் முழுக்க வெயிலில் கத்தினேன். ராத்திரி வாய் கொப்பளிக்கும் மருந்தை ஊற்றிக் கன்னத்தைக் குலுக்கிப் பலமாகத் துப்பினேன். வாஷ்பேசினில் மணல் மணலாக நாலைந்து துகள்.

அந்த ராத்திரி தூங்கவில்லை. எல்லாம் கொட்டிவிட்டது என்றே நினைத்தேன். காலையில் போய் நின்றபோது டாக்டர் பார்த்துவிட்டு, மேலாக இருந்த இரண்டொரு துகள் வருவது சகஜம்தான், ஆனால் ஒரு தையல் தளர்ந்திருக்கிறது என்றார். ஏன் தளர்ந்தது என்பதையும் கண்டுபிடித்தார். நாக்கு. நான் அறியாமலேயே நாள் முழுக்க நாக்கு நுனி அந்த முடிச்சைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறது, முன்பு கறி நாரைத் துழாவிய அதே நாக்கு. குழிக்குள் உறைந்த ரத்தம் அசையாமல் இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சென்ட்ரிங் பலகையைத் தினமும் உதைத்துப் பார்க்கிறவனை நான் சைட்டில் விடுவேனா? மருந்தைக் கொப்பளிக்காதீர்கள், வாயில் வைத்துத் தலையைச் சாய்த்து, தானாக வழிய விடுங்கள் என்றார். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள்.

சாப்பாடு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். குழைந்த தயிர் சாதம், பாலில் ஊறிய இட்லி, ஆறிய கேழ்வரகுக் கஞ்சி. மறுபக்கம் மட்டும் மெல்லவேண்டும். முறுக்கு, சுண்டல், கடலை பக்கம் ஒரு மாதம் போகவே கூடாது. அந்த இடத்தில் நான்கு வாரம் பிரஷ் படக் கூடாது. அதற்குப் பதில்தான் குளோர்ஹெக்சிடின் மருந்து. பல்லில் காப்பிக் கறை போல ஏறும், நாக்கில் ருசி மங்கும். மனைவி வைக்கும் ரசத்தில் உப்பில்லை என்று இரண்டு முறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். மருந்தை நிறுத்தியதும் ருசி திரும்பியது, கறையை க்ளீனிங்கில் எடுத்தார்கள்.

மூன்றாம் மாதம் எக்ஸ்ரே. ஆசையாகப் பார்த்தேன். குழி இருந்த இடம் கறுப்பாகவே இருந்தது. கொஞ்சம் சாம்பல் என்று வேண்டுமானால் சொல்லலாம். வரிசையில் எனக்கு முன் இருந்தவரிடம் ஃபிலிமை வாங்கிப் பார்த்தேன். ஆபரேஷன் முடிந்த ஒரே வாரத்தில் எடுத்ததாம், பளிச்சென்று வெள்ளை, குழியே இல்லை. எனக்கு மலிவுச் சரக்கைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று உள்ளே எரிந்தது.

கேட்டேன். டாக்டர் அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவருக்குப் போட்டது ஹைட்ராக்சிஅபடைட். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவது கால்சியம். தூளே கால்சியம்தான், எனவே வைத்த நிமிடமே வெள்ளையாகத் தெரியும். அதில் எவ்வளவு அவர் எலும்பு, எவ்வளவு கடையில் வாங்கிய தூள் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, சில தூள்கள் வருடக்கணக்கில் கரையாமல் அப்படியே கிடக்கும். எனக்குப் போட்டது உப்பு நீக்கியது, படத்தில் தெரியாது. "உங்க படத்துல வெள்ளை வந்தா அது உங்க உடம்பு போட்ட உப்பு சார். வந்தா நம்பலாம்." அன்றைக்கு வீடு திரும்பும்போது பஸ்ஸில் அந்தக் கறுப்பு ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆறு மாதம் வரை அங்கே அளவுக் கம்பியை யாரும் விடக் கூடாது. நடுவில் வேறு கிளினிக்கில் சுத்தம் செய்யப் போனால் இதைச் சொல்லிவிடவேண்டும். தெரியாமல் குத்தினால் ஒட்டிக்கொண்டு வருவது பிரிந்துவிடும்.

ஆறாம் மாதம் அளந்தார். ஆறு இருந்த இடத்தில் மூன்றரை. படத்தில் குழியின் அடிப்பாகத்தில் பாதிக்கு வெள்ளை ஏறியிருந்தது. ஒரு வருடத்தில் இன்னும் கொஞ்சம். முழுக்க நிரம்பவில்லை, நிரம்பும் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஈறு ஒன்றரை மில்லிமீட்டர் கீழே இறங்கிப் பல் கொஞ்சம் நீளமாகத் தெரிகிறது. வேர் வெளியே வந்ததால் ஃபிரிட்ஜ் தண்ணீர் பட்டால் சுள்ளென்று கூசும். கூச்சத்துக்குக் கொடுத்த பேஸ்ட்டின் அட்டையைப் படித்தால் கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட் என்று இருந்தது. ஹென்ச்சின் கண்ணாடித் தூளேதான், குழிக்குப் போடாவிட்டாலும் பேஸ்ட்டில் வந்து சேர்ந்துவிட்டது. பல்லின் ஆட்டம் நின்றுவிட்டது. கறி நார் சிக்குவதில்லை என்று சொல்லமாட்டேன், குட்டி பிரஷ்ஷில் ஒரே இழுப்பில் வந்துவிடுகிறது.

உள்ளே வளர்ந்தது நிஜமாகவே புது எலும்பும் நாருமா, இல்லை வெறுமனே இறுகிய சதையா என்று கேட்டால், பல்லைச் சதையோடு வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் அறுதியிட்டுச் சொல்ல முடியும். அதற்காகப் பல்லைக் கொடுக்க நான் தயாரில்லை. மூன்றரை என்ற நம்பர் அப்படியே நிற்கிறது, ரத்தம் வருவதில்லை. எனக்கு அது போதும். மேலே இருந்த கவட்டுப் பல்லைப் போன வருடம் எடுத்தாயிற்று. அந்த இடம் இன்னும் காலிதான்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யப் போகிறேன். நடுவில் ஒரு முறை இரண்டு சைட் சேர்ந்து வந்ததில் ஐந்து மாதம் போகவில்லை, பக்கத்துப் பல்லில் நான்கு காட்டிவிட்டது. டாக்டர் படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டார். இப்போது இன்னொரு மாணவர் பார்க்கிறார். ஃபைலைத் திறந்ததும் அந்த ஸ்டிக்கரைத்தான் முதலில் பார்த்தார்.

ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்க அம்மா மண்டபம் போனோம். எள்ளும் தண்ணீரும் விட்டு முடிக்கும் நேரத்தில் அம்மா பின்னாலிருந்து முதுகைத் தட்டினார்.

"அந்த எலும்புக்காரருக்கும் ஒரு கை விடுடா."

பெயர் தெரியாதும்மா, ஃபைலில் நம்பர்தான் இருக்கிறது என்றேன். அதோடு, இடுப்பு மாற்றிக்கொண்டவர் கொடுத்ததாக இருந்தால் அவர் இன்னும் உயிரோடே இருக்கலாம், உயிரோடு இருப்பவருக்கு எள்ளுத் தண்ணீர் விடலாமா என்று கேட்டேன்.

அம்மா தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் ஒரு நிமிஷம் நின்றார். "அப்படின்னா நல்லா நடந்துக்கிட்டு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு அடுத்த படி ஏறினார்.